வர்த்தமானிக்கு முந்திய நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடந்த சில வாரங்களாக எமக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அரசாங்கப் பணத்தையும், அதனை ஆள்வோர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் பற்றியவையாக இருந்தன. ஆகவே வழமையாகப் பல விடயங்களைத் தொட்டுச் செல்லும் இப்பகுதியை இம்முறை அந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதம் எழுதியோரின் பெயர்களை அவர்களின் விருப்பப்படி தவிர்த்துள்ளோம்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை): பத்திரிகைகளில் ‘லொபி’ என்ற சொல்லை இப்போது அடிக்கடி காண்கிறேன். அமைச்சர் ஒருவரைச் சந்தித்துத் தமது தேவையை எடுத்துச் சொல்வது குற்றமா? இலஞ்சத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பதில்: சந்திப்பது குற்றமல்ல. அரசாங்கத்தின் ஒரு தீர்மானத்தைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ள, அதனை எடுப்பவரை அணுகிப் பேசுவதையே லொபி என்கிறார்கள். ‘ஆளைப் பிடித்துக் காரியம் பார்ப்பது’ என்று நம் வீடுகளில் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். இலஞ்சத்தில் பணமோ வேறு பயனோ கொடுக்கப்பட்டது, கேட்கப்பட்டது அல்லது கொடுக்க முன்வரப்பட்டது என்பதை நிரூபிக்க வேண்டும். லொபியில் எதுவும் கைமாற வேண்டியதில்லை. பேசியவருக்குக் கோடிக்கணக்கில் இலாபம் கிடைக்கலாம், இழப்பு திறைசேரியின் தலையில் விழலாம், ஆனாலும் சட்டத்தின் கண்ணில் குற்றம் எதுவும் நடந்திருக்காது. இந்த இடைவெளிதான் நாம் கவலைப்பட வேண்டிய இடம்.

சீனி வரி விவகாரத்தைக் கொண்டு இதை விளக்கலாம். 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி, இறக்குமதிச் சீனி ஒரு கிலோவுக்கு அறவிடப்பட்ட 50 ரூபாய் விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்னும் வரி, வர்த்தமானி அறிவித்தல் ஒன்றின் மூலம் 25 சதமாகக் குறைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிதியமைச்சருக்கு அந்த அதிகாரம் உண்டு. கட்டளை முதலில் நடைமுறைக்கு வரும், பாராளுமன்றத்தின் அங்கீகாரம் பிறகுதான் பெறப்படும். மக்களுக்கு மலிவாகச் சீனி கிடைக்க வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். ஆனால் அந்த மாதங்களில் கடைக்குப் போய்ச் சீனி வாங்கிய எவருக்கும், விலை 50 ரூபாயால் இறங்கவில்லை என்பது நினைவிருக்கும். வரியில் குறைந்த பணம் நுகர்வோரின் கைக்கு வராமல் வழியிலேயே தங்கிவிட்டது. பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவில் இவ்விடயம் ஆராயப்பட்டபோது வெளிவந்த வருமான இழப்பு 1,500 கோடி ரூபாயைத் தாண்டியது.

இங்கே நான் கேட்க விரும்பும் கேள்வி யார் திருடினார் என்பதல்ல. அந்தக் கேள்விக்கு விடை காண்பது நீதிமன்றத்தின் வேலை. அந்த வர்த்தமானி வெளிவருவதற்கு முந்திய நாளில், முந்திய வாரத்தில், முந்திய மாதத்தில் இந்த வரியைக் குறைக்கும்படி கேட்டவர்கள் யார், எந்த அறையில் யாரிடம் கேட்டார்கள், எழுத்தில் என்ன கொடுத்தார்கள் என்பதே என் கேள்வி. இலங்கையில் அதற்கு விடை சொல்லும் பதிவேடு எதுவுமில்லை, அப்படியொரு பதிவேட்டை வைத்திருக்கக் கட்டாயப்படுத்தும் சட்டமும் இல்லை. அயர்லாந்தில் 2015ஆம் ஆண்டு முதல், அமைச்சர்களையும் மூத்த அதிகாரிகளையும் அணுகி இவ்வாறு பேசுவோர், யாரிடம், எந்த விடயம் பற்றி, என்ன நோக்கத்துடன் பேசினார்கள் என்பதை நான்கு மாதங்களுக்கு ஒரு முறை பகிரங்கப் பதிவேட்டில் சமர்ப்பிக்க வேண்டும். கனடாவில் இதைவிடப் பழைமையான பதிவேடு ஒன்று 1989 முதல் இருக்கிறது. அந்நாடுகளில் ஊழலே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வரி குறைந்தால், அதற்கு முன் கதவைத் தட்டியவர் யார் என்று தேடிப் பார்க்க அங்குள்ள பத்திரிகையாளனுக்கு ஓரிடமாவது உண்டு.

கேள்வி (சில்லறை வர்த்தகர், கொட்டாஞ்சேனை): எங்கள் வர்த்தகர் சங்கம் ஆண்டுதோறும் அமைச்சுக்கு மனுக்கொடுக்கிறது. அதையும் பிழை என்பீர்களா?

பதில்: ஒருபோதும் சொல்லமாட்டேன். சங்கத்தின் கடிதத் தலைப்பில் எழுதி, செயலாளர் ஒப்பமிட்டு, பிரதியைக் கோப்பில் வைத்து நீங்கள் கொடுக்கும் மனுவை யாரும் எப்போதும் எடுத்து வாசிக்கலாம். நீங்கள் கேட்டது நியாயமா என்று உங்கள் போட்டியாளரும் நுகர்வோரும் விவாதிக்கலாம். நான் கவலைப்படுவது எழுத்தில் வராத கோரிக்கைகளைப் பற்றியே. பதிவேடு ஒன்று வந்தால் உங்களைப் போன்ற சிறு வர்த்தகர்களுக்குத்தான் நன்மை; அமைச்சரின் வீட்டு விருந்துக்கு அழைக்கப்படாதவர்கள் நீங்கள்தானே.

கேள்வி (பல்கலைக்கழக மாணவர், தெகிவளை): நம் நாட்டு ஊழல் விவகாரங்களை இலண்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள நீதிமன்றங்கள் சொல்லித்தான் நாம் அறிகிறோம். இது ஏன்?

பதில்: தம்பி, உங்கள் கேள்வி என்னையும் நெடுநாளாக வருத்துகிறது. இரண்டு விவகாரங்களை நினைவுபடுத்துகிறேன்.

எயார்பஸ் நிறுவனம் பல நாடுகளில் இலஞ்சம் கொடுத்தமை தொடர்பாகப் பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் அதிகாரிகளோடும் 2020 ஜனவரி 31ஆம் திகதி உடன்பாட்டுக்கு வந்து, மொத்தமாக 360 கோடி யூரோ செலுத்த இணங்கியது. பிரித்தானிய நீதிமன்றத்தில் அன்று முன்வைக்கப்பட்ட ஆவணத்தில் ஸ்ரீலங்கன் விமான சேவை பற்றிய ஓர் அத்தியாயம் இருந்தது. நமது தேசிய விமான சேவையின் நிறைவேற்று அதிகாரி ஒருவருடைய மனைவியின் நிறுவனத்தின் ஊடாக 1 கோடியே 68 இலட்சம் டொலர் வரை கொடுக்க உடன்பட்டு, அதில் 20 இலட்சம் டொலர் உண்மையாகவே செலுத்தப்பட்டது என்று அந்த ஆவணம் கூறுகிறது. நமது பொதுச் சொத்தாகிய நிறுவனம், நமது வரிப்பணத்தால் நட்டத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் நிறுவனம், அதன் கொள்வனவுத் தீர்மானத்துக்குப் பின்னால் நடந்ததை நாம் இலண்டனிலிருந்து அறிந்தோம்.

இரண்டாவது இதைவிட வேதனையானது. 2014ஆம் ஆண்டு, போரின் இறுதிக்கட்டம் பற்றிச் சர்வதேச விசாரணை வேண்டும் என்ற குரல் உயர்ந்திருந்த நாட்களில், அமெரிக்காவில் இலங்கையின் பெயரைச் சீர்செய்வதற்காக அப்போதைய அரசாங்கம் இமாத் சுபேரி என்ற அமெரிக்க வர்த்தகரோடு 85 இலட்சம் டொலருக்கு ஒப்பந்தம் செய்தது. அதில் 65 இலட்சம் டொலர் அனுப்பப்பட்டது. அமெரிக்க நீதித் திணைக்களத்தின் கூற்றுப்படி, அவர் அதில் 56 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையைத் தனக்கும் தன் மனைவிக்கும் பயன்படுத்திக்கொண்டார். பரப்புரை நிறுவனங்களுக்கும் சட்ட நிறுவனங்களுக்கும் சென்றது எட்டரை இலட்சத்துக்கும் குறைவு. வெளிநாட்டு அரசுக்காக வேலை செய்வோர் தம்மைப் பதிவுசெய்து உண்மையான விவரங்களைக் கொடுக்க வேண்டும் என்று கூறும் 1938ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தின் கீழ் அவர் பொய்யான விவரங்களைக் கொடுத்திருந்தார். அந்தக் குற்றத்தோடு வரி ஏய்ப்பு முதலிய வேறு குற்றங்களும் சேர, 2021 பெப்ரவரியில் அவருக்கு 12 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் 2025இல் ஜனாதிபதி ட்ரம்ப் அத்தண்டனையைக் குறைத்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த மனிதரின் தண்டனையை அல்ல. காணாமற்போன பிள்ளையின் படத்தை ஏந்தியபடி தாய்மார் வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரத்தில் நின்றிருந்த அதே காலத்தில், அவர்கள் கேட்ட கேள்வியை வெளிநாட்டில் மங்கச் செய்வதற்காக அவர்களும் சேர்ந்து செலுத்திய வரியிலிருந்து இலட்சக்கணக்கான டொலர் அனுப்பப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கை இலங்கையின் எந்த அமைச்சும் தானாக முன்வந்து மக்கள் முன் வைக்கவில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த வழக்கொன்றுதான் வைத்தது. அங்கே பதிவு செய்யாமல் விட்டாலும் பொய்யாகப் பதிந்தாலும் குற்றம். இங்கே பதிவதற்கு எதுவுமேயில்லை. தம்பி, நீங்கள் கேட்ட ‘ஏன்’ என்பதற்கு என்னிடமுள்ள விடை இதுதான்.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர், மட்டக்குளி): மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தால் என்னைப் போன்ற சம்பளக்காரனுக்கு என்ன இழப்பு? பத்து ஆண்டுகள் கடந்தும் ஏன் முடிவில்லை?

பதில்: உங்கள் சம்பளத்தில் மாதந்தோறும் நூற்றுக்கு 8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது, முதலாளி 12 வீதம் சேர்க்கிறார். அந்த நிதியை நிருவகிப்பது மத்திய வங்கி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

அரசாங்கம் கடன் வாங்கும்போது பிணைமுறிகளை ஏலத்தில் விற்கிறது. 2015 பெப்ரவரி 27ஆம் திகதி 30 ஆண்டுப் பிணைமுறிக்கான ஏலம் 100 கோடி ரூபாய்க்கு அறிவிக்கப்பட்டது, ஆனால் 1,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அறிவித்ததைவிடப் பத்து மடங்கு கடன் எடுத்தால் வட்டி உயரும், பிணைமுறியின் விலை இறங்கும். அதில் பெரும்பங்கைப் பெற்ற பெர்பெச்சுவல் ட்ரெஷரீஸ் நிறுவனம், அப்போதைய ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகனுடன் தொடர்புடையது. மலிவாகப் பெற்ற பிணைமுறிகள் பின்னர், ஏலத்தில் வாங்கியவற்றைப் பிறருக்கு விற்கும் இரண்டாம் நிலைச் சந்தையில் கூடிய விலைக்குக் கைமாறின. அவற்றை வாங்கியோரில் ஊழியர் சேமலாப நிதியும் ஒன்று. ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு 2017 டிசம்பர் 30ஆம் திகதி கையளித்த அறிக்கை அந்நிறுவனத்தின் இலாபத்தை 1,100 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது. உங்கள் இழப்பு இந்த வழியில்தான் நடந்தது; உங்கள் பணப்பையிலிருந்து யாரும் எடுக்காததால் உங்களுக்கு அது தெரியவில்லை.

அதற்கு முன்னரே அரசாங்க நிறுவனங்களின் கணக்குகளை ஆராயும் பாராளுமன்றத்தின் கோப் குழு 2016 ஒக்டோபரில் இதே விடயம் பற்றி அறிக்கை சமர்ப்பித்திருந்தது. அந்தக் குழுவின் ஆளும் கட்சி உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் அறிக்கையை நிராகரிக்கவும் துணியாமல், முழுதாக ஏற்கவும் மனமில்லாமல், பக்கங்களின் அடியில் குறிப்புகளைச் சேர்த்து அதன் கூர்மையைக் குறைக்க முயன்றார்கள். அவர்கள் மக்களுக்காக அக்குழுவில் அமர்ந்திருந்தவர்கள். அந்த அடிக்குறிப்புகளை நான் அவர்கள் செய்த துரோகமாகவே கருதுகிறேன்.

முடிவு வராததற்கான காரணங்களில் பெரியது, விசாரணை ஆணைக்குழுவும் நீதிமன்றமும் ஒன்றென்று நாம் நினைப்பது. ஆணைக்குழு உண்மையைக் கண்டறிந்து பரிந்துரைக்கலாம். தண்டிக்க அதனால் முடியாது. அங்கே சாட்சி சொன்னவரை மீண்டும் நீதிமன்றத்துக்கு அழைத்து, சாட்சியச் சட்டத்துக்கு அமையச் சட்டமா அதிபர் எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். மகேந்திரன் சிங்கப்பூர் சென்றார். அவரைத் திருப்பி அனுப்பும்படி இலங்கை விடுத்த கோரிக்கைக்குப் பயன் கிடைக்கவில்லை. ஆட்சி மாறுந்தோறும் வழக்குகளின் வேகமும் மாறுகிறது. 2021இல் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு தானே தொடுத்த பல வழக்குகளை, ஆணையாளர்கள் மூவரினதும் எழுத்துமூல அனுமதி முறைப்படி இல்லை என்ற காரணத்தால் மீளப் பெற்றுக்கொண்டதை நாம் பார்த்தோம். ஒரு கடிதத்தில் மூன்று ஒப்பங்கள் இல்லாததால் ஆண்டுக்கணக்கான விசாரணை நின்றுபோனது.

கேள்வி (வங்கி உத்தியோகத்தர், பம்பலப்பிட்டி): அமைச்சர் பதவி விலகினால் அது பொறுப்பேற்பதாகாதா?

பதில்: தொடக்கமாகலாம். பிணைமுறி விசாரணையின்போது, தான் குடியிருந்த தொடர்மாடி வீட்டின் வாடகையை அந்தப் பிணைமுறி நிறுவனத்தோடு தொடர்புடைய தரப்பு செலுத்தியது என்ற சாட்சியத்தையடுத்து ரவி கருணாநாயக்க 2017 ஓகஸ்ட் 10ஆம் திகதி வெளிவிவகார அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். 2018 டிசம்பரில் அவர் மின்சக்தி அமைச்சராக மீண்டும் அமைச்சரவையில் இருந்தார். இடைப்பட்ட காலத்தில் நீதிமன்றம் எதுவும் அவரைக் குற்றமற்றவர் என்று சொல்லவுமில்லை, குற்றவாளி என்று சொல்லவுமில்லை.

கேள்வி (கொச்சிக்கடைவாசி): பெரியவர்கள் யாராவது உண்மையில் தண்டிக்கப்பட்டிருக்கிறார்களா? நம்புவதற்கு ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. 2015 ஜனாதிபதித் தேர்தல் காலத்தில் அரசாங்க விற்பனை நிறுவனமான சதொச ஊடாக 14,000 கரம் பலகைகளும் 11,000 தாம் பலகைகளும் இறக்குமதி செய்து விநியோகித்ததால் அரசாங்கத்துக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் ஏற்படுத்திய வழக்கில், முன்னாள் அமைச்சர்கள் மஹிந்தானந்த அளுத்கமகேக்கு 20 ஆண்டுகளும் நளின் பெர்னாண்டோவுக்கு 25 ஆண்டுகளும் கடூழியச் சிறைத் தண்டனையைக் கொழும்பு விசேட மேல் நீதிமன்றம் 2025 மே 29ஆம் திகதி விதித்தது. குற்றம் நடந்து தீர்ப்பு வரப் பத்து ஆண்டுகள் சென்றன என்பது உண்மையே. ஆனால் அமைச்சராக இருந்தவர் சிறை செல்ல முடியும் என்பதை அன்று புதுக்கடை நீதிமன்றத்தில் பார்த்தோம்.

உங்கள் ஊரின் பெயரைக் கண்டதும் நீங்கள் எதை நினைத்து இக்கேள்வியை எழுதினீர்கள் என்று எனக்குப் புரிந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி புனித அந்தோனியார் ஆலயத்தில் நிகழ்ந்த குண்டுத் தாக்குதலைத் தடுக்கக்கூடிய எச்சரிக்கை முன்னரே வந்திருந்தும் செயற்படவில்லை என்று, 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்றனர். பாதுகாப்புத் துறையின் முன்னாள் அதிகாரிகள் நால்வரையும் சேர்த்து மொத்தத் தொகை 31 கோடி ரூபாய். இழந்த உயிர்களுக்கு அது ஈடாகாது. ஆயினும் செய்யாமல் விட்டதற்கும் ஒரு ஜனாதிபதி தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது இந்நாட்டுக்குப் புதியது.

இதற்கு எதிர்ப்புறத்தில் இருப்பது 2023 நவம்பர் 14ஆம் திகதித் தீர்ப்பு. கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்களும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்ட உயர் அதிகாரிகளும் பொருளாதார நெருக்கடிக்குக் காரணமாகிப் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என்று ஐந்து நீதியரசர்களில் நால்வர் தீர்மானித்தார்கள். மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபாய் வழங்கும்படி உத்தரவிடப்பட்டதே தவிர நட்டஈடு இல்லை. எரிவாயுவுக்காகவும் மண்ணெண்ணெய்க்காகவும் இரவிரவாக வரிசையில் நின்ற மக்களுக்கு அந்தத் தீர்ப்பு உண்மையைச் சொன்னது. அதற்கு மேல் எதையும் கொடுக்கவில்லை. இந்தக் குறையை நான் மறைக்க விரும்பவில்லை.

கேள்வி (இல்லத்தரசி, வத்தளை): எனக்குச் சிங்களமும் ஆங்கிலமும் சரளமாக வராது. தமிழில் மட்டும் எழுதத் தெரிந்த ஒருத்தியால் இதில் என்ன செய்ய முடியும்?

பதில்: அம்மா, பலர் நினைப்பதைவிட அதிகம் செய்யலாம். முதலில் சொத்து விவரங்கள். 1975ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின் கீழ் ஒருவர் கட்டணம் செலுத்தி ஓர் அரசியல்வாதியின் சொத்து விவரத்தைப் பெற்றாலும் அதை வெளியில் சொல்வது குற்றமாக இருந்தது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதனை மாற்றியது. இப்போது பாராளுமன்ற உறுப்பினர்களின் சொத்துப் பிரகடனங்கள், சில தனிப்பட்ட விவரங்கள் நீக்கப்பட்டு, இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் வெளியிடப்படுகின்றன. உங்கள் மாவட்ட உறுப்பினரின் விவரத்தைச் சென்ற ஆண்டினதோடு ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு வழக்கறிஞர் தேவையில்லை. முறைப்பாட்டுக்கு 1954 என்ற இலக்கம் உண்டு.

இரண்டாவது, 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையிலுள்ள தகவல் அறியும் உரிமைச் சட்டம். உங்கள் விண்ணப்பம் தமிழில் இருக்கலாம், பதிலையும் தமிழில் கோரலாம்; தமிழ் அரசகரும மொழி. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. அமைச்சிலுள்ள தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அதற்குப் பிறகு இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவை நாடலாம். தீர்மானம் எடுக்கப்படாத அமைச்சரவைப் பத்திரத்தை மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. தீர்மானம் எடுத்து முடிந்த பிறகு அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது.

பலர் விண்ணப்பத்தில் ‘ஊழல் நடந்ததா?’ என்று கேட்டுவிடுகிறார்கள். அப்படிக் கேட்டால் ‘இல்லை’ என்ற ஒரு சொல்லோடு கடிதம் திரும்பி வரும். கருத்தைக் கேட்காமல் ஆவணத்தைக் கேளுங்கள். ஒரு வரி மாற்றம் உங்கள் அடுப்படியைத் தொட்டால் இப்படி எழுதலாம்: ‘இந்த இலக்க வர்த்தமானி வெளியிடப்படுவதற்கு முந்திய 30 நாட்களில், குறித்த பொருளின் வரி தொடர்பாக அமைச்சுக்குக் கிடைத்த எழுத்துமூலக் கோரிக்கைகள் அனைத்தினதும் பிரதிகளையும், இது தொடர்பான கூட்டங்களின் அறிக்கைகளையும், அவற்றில் கலந்துகொண்டோரின் பதவிப் பெயர்களையும் தருக.’ அப்படியான ஆவணம் எதுவும் இல்லை என்று அவர்கள் பதில் அனுப்பினால், அந்தப் பதிலையும் பத்திரமாக வைத்திருந்து எமக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்; எவரும் கேட்காமல், எதுவும் எழுதாமல் கோடிக்கணக்கான வரி குறைந்தது என்பதற்கு அமைச்சே ஒப்பமிட்டுத் தந்த சாட்சியம் அது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள். அவர்களுக்குக் கடிதம் கிடைத்த நாளிலிருந்தே காலக்கெடு எண்ணப்படும்.